கிரைண்டரில் கை வைக்கும் முன்: யாங்கோன் கடையில் எஸ்பிரெசோ கோளாறுகள்

காளியம்மன் கோவிலிலிருந்து நடக்கிற தூரத்தில் என் கடை. ஆறு நாற்காலி, இரண்டு தலை வைத்த ஒரு எஸ்பிரெசோ மெஷின், ஒரு கிரைண்டர், அதற்குப் பின்னால் மெஷினைவிடக் கனமான ஒரு ஸ்டெபிலைசர். புதிதாகக் காப்பிக் கடை தொடங்குகிற நம் பிள்ளைகள் சிலர் அடிக்கடி போன் செய்வார்கள். "அண்ணே, ஷாட் சரியா வரல, கிரைண்டரை எந்தப் பக்கம் திருப்பணும்?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். ஷாட் என்றால் மெஷினில் ஒரு தடவை இறக்கும் எஸ்பிரெசோ.

வீடியோ பார்த்துத் தொழில் கற்றுக்கொண்ட பிள்ளைகள். அந்த வீடியோக்களில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அதில் பேசுகிறவருடைய ஊரில் நாளுக்கு இரண்டு தடவை கரண்ட் போவதில்லை, ஐந்து மாதம் விடாமல் மழை ஊற்றுவதில்லை, மெஷினுக்கான தண்ணீர் இருபது லிட்டர் கேனில் சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவில் வந்து இறங்குவதில்லை. அதனால் நான் திருப்பிக் கேட்பது மூன்று கேள்விதான். கரண்ட் வந்து எவ்வளவு நேரம் ஆச்சு? வெளியே மழையா? தண்ணீர் எங்கே வாங்கினது? இதற்குப் பதில் தெரிந்த பிறகு கிரைண்டரைப் பற்றிப் பேசலாம்.

அதற்கு முன் ஒரு அளவு வேண்டும். என் அளவு: 18 கிராம் தூள், கோப்பையில் 36 கிராம் காப்பி, பம்ப் ஓடத் தொடங்கியதிலிருந்து 25 முதல் 30 வினாடி, தண்ணீர் 93 டிகிரி, அழுத்தம் 9 பார். கண்ணால் பார்த்து நிறுத்தாதீர்கள், கோப்பைக்கு அடியில் தராசு வையுங்கள். மேலே கிரீமா என்கிற நுரை ஏறி நிற்கும்போது 25 கிராமும் 40 கிராமும் ஒரே மாதிரி தெரியும். தராசு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. இங்கே சந்தையில் பச்சைக் கொட்டையை இன்னும் வீசைக் கணக்கில்தான் விற்கிறார்கள். ஒரு வீசை சுமார் 1.63 கிலோ, அதில் நூறில் ஒரு பங்கு ஒரு டிக்கல், அதாவது 16.3 கிராம். பர்மியர் பெய்த்தா என்பதை ஆங்கிலக் கணக்கில் விஸ் என்று எழுதுவார்கள். அது நம் வீசைதான். ஒரு டிக்கல் ஏறக்குறைய ஒரு டபுள் ஷாட்டுக்கான தூள். எஸ்பிரெசோ வருவதற்கு முன்பே இந்த ஊர் அதற்கு ஒரு படிக்கல்லை வைத்திருந்திருக்கிறது!

"புளிக்குது"

பர்மியர் "ச்சின் டெ" என்பார்கள், நம் பெரியவர்கள் முகத்தைச் சுளித்துவிட்டுக் கோப்பையைத் தள்ளி வைப்பார்கள். இரண்டும் ஒன்றுதான்.

புத்தகப்படி புளிப்பு என்றால் தூளிலிருந்து சாறு முழுதாக இறங்கவில்லை, இன்னும் நைசாக அரை. சரிதான். ஆனால் என் கடையில் புளிப்புக்கு முதல் காரணம் கரண்ட். ஒரு நாள் காலை ஆறு மணிக்குக் கரண்ட் வந்தது. ஆறே கால் மணிக்கு மெஷினின் சூடு காட்டும் டயலில் 93 என்று காட்டியது. ஐயா ஒருவர் தினமும் கோவிலுக்குப் போகும் வழியில் வருகிறவர், வந்து உட்கார்ந்துவிட்டார். முதல் ஷாட் 22 வினாடி, புளிப்பு. கிரைண்டரை ஒரு கோடு நைசாக்கினேன். 25 வினாடி, இன்னும் புளிப்பு. இன்னும் ஒரு கோடு. 29 வினாடி, அப்போதும் புளிப்பு, அதோடு வாயை இழுக்கிற வறட்சி வேறு. மூன்றாவது தடவை திருப்பினதும் சொட்டுச் சொட்டாக விழ ஆரம்பித்தது. அரை மணி கழித்து, எதையும் தொடாமல் போட்ட அதே ஷாட் வேப்பங்காயாகக் கசந்தது. ஏறக்குறைய 150 கிராம் கொட்டை குப்பையில். ஐயா சிரித்துக்கொண்டே "நீ ஒரு சாயாவே போடு தம்பி" என்றார்.

நடந்தது இதுதான். டயல் காட்டுவது பாய்லருக்குள் இருக்கும் தண்ணீரின் சூடு. தூளைத் தொடுவதற்கு முன் அந்தத் தண்ணீர் குரூப் ஹெட் என்கிற பெரிய பித்தளைக் கட்டி வழியாக வருகிறது. அந்தக் கட்டி ஆறிக் கிடந்தால், 93 டிகிரியில் புறப்பட்ட தண்ணீர் அங்கேயே சூட்டை இழந்துவிட்டுத்தான் தூளுக்கு வரும். குறைந்த சூட்டில் புளிப்பு முதலில் இறங்கிவிடும், இனிப்பு இறங்காது. எவ்வளவு நைசாக அரைத்தாலும் அது சரியாகாது.

ஆகவே கரண்ட் வந்ததும் மெஷினைப் போட்டு, தூள் போடும் கைப்பிடிகளைத் தலையில் மாட்டியே வைத்து, அரை மணி நேரம் சும்மா விடுங்கள். அவசரம் என்றால் ஒவ்வொரு தலையிலும் வெறும் தண்ணீரை ஐந்தாறு தடவை ஓட்டுங்கள். கைப்பிடியின் உலோகப் பகுதியைத் தொட முடியாத அளவுக்குச் சூடு ஏறிய பிறகு ஷாட் போடுங்கள். எங்கள் கடைப் பெண்ணுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தபோது அவள் கேட்ட கேள்வி நியாயமானது. "ஸயா (சார்), அதுவரைக்கும் வந்தவங்களுக்கு என்ன கொடுக்கிறது?" கேஸ் அடுப்பில் கெட்டில் வைத்து வடிகட்டும் காப்பி கொடுங்கள். அதற்கு இதே கொட்டை நன்றாகவே இருக்கும்.

கரண்ட் இருந்தாலும் போதாது, வோல்டேஜ் பாருங்கள். ஹீட்டரின் சக்தி வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 வந்தால் வோல்டேஜ் இருபது சதவீதம்தானே குறைந்தது என்று தோன்றும், ஹீட்டருக்குக் கிடைப்பதோ 61 சதவீதம்தான். கூட்டமான நேரத்தில் தொடர்ந்து ஐந்து ஷாட் போட்டால் பாய்லர் ஈடு கொடுக்காது, ஐந்தாவது ஆளுக்குப் புளிக்கும். முதல் ஷாட் நன்றாக இருந்து போகப் போகப் புளித்தால் கிரைண்டரை விட்டுவிட்டு ஸ்டெபிலைசரின் முள்ளைப் பாருங்கள்.

கரண்டும் சரி, சூடும் சரி, அப்படியும் புளிக்கிறதா? தண்ணீரைப் பாருங்கள். மிகச் சுத்தமாக வடிகட்டிய ஆர்.ஓ. தண்ணீரில் பைகார்பனேட் இருக்காது. காப்பியின் அமிலத்தைக் கொஞ்சம் அடக்கி வைப்பது அதுதான். அது இல்லாவிட்டால் மலைப்பகுதி அராபிகாவின் அழகான புளிப்பும் எலுமிச்சம்பழத்தைக் கடித்த மாதிரி ஆகிவிடும். இதற்கான மருந்தைக் கீழே ஸ்டீம் குழாய் பகுதியில் சொல்கிறேன்.

இதெல்லாம் முடிந்த பிறகும் ஷாட் 20 வினாடிக்குள் ஓடிப்போய்ப் புளித்தால், இப்போது தாராளமாக நைசாக்குங்கள். ஒரு தடவைக்கு ஒரு கோடு. மாற்றியதும் முதலில் விழும் நாலைந்து கிராம் பழைய அளவில் அரைத்தது, கிரைண்டர் வாயில் தங்கியிருந்தது. அதைக் கொட்டிவிட்டுச் சுவை பாருங்கள். பலர் இதைச் செய்யாமல் "திருப்பியும் மாறல" என்று இன்னும் திருப்புவார்கள்.

"கசக்குது"

கசப்பு இரண்டு வகை. நாக்கின் பின்பக்கம் பிடித்துக்கொண்டு போகாத கசப்பு என்றால் சாறு அதிகமாக இறங்கிவிட்டது: ஷாட் 35 வினாடிக்கு மேல் போயிருக்கும், அல்லது 36 கிராமில் நிறுத்தாமல் விட்டிருப்பீர்கள். கொஞ்சம் பரும்படியாக அரைத்தால் தீரும். தீய்ந்த வாடையோடு வரும் கசப்பு வேறு. அது பெரும்பாலும் அழுக்கு. நேற்றைய காப்பி எண்ணெய் தலைக்கு அடியில் இருக்கும் சல்லடையான ஷவர் ஸ்க்ரீனிலும், தூள் போடும் கிண்ணமான பாஸ்கெட்டிலும் காய்ந்து சிக்கு வாடை பிடித்திருக்கும். இந்த ஊர்ச் சூட்டில் ஒரே இரவு போதும். ஓட்டையில்லாத பாஸ்கெட்டில் மெஷின் கழுவும் பொடி போட்டு தினமும் கடை மூடும்போது பேக்ஃப்ளஷ் செய்யுங்கள், அதாவது தண்ணீரைத் தலைக்குள்ளேயே திருப்பித் தள்ளிக் கழுவுங்கள். எனக்குத் தெரிந்து "கொட்டை சரியில்ல" என்று மாற்றின கடைகளில் பாதிக்கு மேல் பொடி டப்பாவைத் திறக்கவே இல்லை.

முதல் ஷாட் மட்டும் கசந்து இரண்டாவது சரியாக இருந்தால் உங்கள் மெஷின் ஒற்றைப் பாய்லர் வகை. ஸ்டீம் பாய்லருக்குள் ஒரு குழாய் ஓடும், காப்பித் தண்ணீர் அதற்குள் சூடாகும். கடை காலியாக இருக்கும்போது அந்தத் தண்ணீர் கொதிநிலையைத் தாண்டிவிடும். வெறும் தலையில் தண்ணீர் விட்டுப் பாருங்கள், சீறிக்கொண்டு ஆவியோடு வரும். சீற்றம் அடங்கி அமைதியாக ஓடும் வரை விட்டுவிட்டுப் பிறகு ஷாட் போடுங்கள்.

காலையில் ஓடினது, மத்தியானம் சொட்டுது

மழை. வேறொன்றும் தேட வேண்டாம்.

யாங்கோனில் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்றிலும் மாதத்துக்கு 500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும். வறுத்த கொட்டை ஈரத்தை உறிஞ்சும், அரைத்த தூள் இன்னும் வேகமாக உறிஞ்சும். ஈரம் வாங்கிய தூள் தண்ணீருக்கு வழிவிடாது. காலையில் 27 வினாடியில் இறங்கினது, வானம் கறுத்துப் பெய்ய ஆரம்பித்த அரை மணியில் 38 வினாடி ஆகிவிடும். மழைக்காலத்தில் நான் கிரைண்டரை ஒரு கோடு பரும்படியாகவே வைத்திருப்பேன், மழை விட்டு வெயில் அடித்தால் திரும்ப ஒரு கோடு நைசு. இது ஒன்றுதான் எனக்குக் கிரைண்டரை அடிக்கடி தொடுவதற்கு உள்ள சரியான காரணம்.

அதைவிட முக்கியம் கொட்டையைக் குவித்து வைக்காமல் இருப்பது. மேலே உள்ள கண்ணாடிக் கூம்பு நிறைந்திருந்தால் கடை அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு வேண்டியதை மட்டும் போடுங்கள். கடை மூடும்போது மிச்சத்தை எடுத்து இறுக்கமான டப்பாவில் அடையுங்கள். பிரிட்ஜில் வைக்காதீர்கள். கரண்ட் போய்ப் போய் வரும் பிரிட்ஜில் ஒவ்வொரு தடவையும் டப்பாவுக்குள் வியர்க்கும்.

மழை இல்லாத நாளில், வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மெதுவானால் அது ஈரம் இல்லை, உப்பு. ஆழ்குழாய்த் தண்ணீர் பாய்ச்சுகிறவர்களுக்கு இது வரும். தலைக்குள் தண்ணீர் போகிற ஒரு ஊசித்துளை இருக்கிறது, அது சுண்ணாம்பில் அடைபடும். கைப்பிடி மாட்டாமல் பத்து வினாடி தண்ணீர் பிடித்து எடை போடுங்கள். இரண்டு தலையிலும் எடை வித்தியாசப்பட்டால் குறைவாக வருகிற தலையில் அடைப்பு. மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

தண்ணியா ஓடுது, கிரீமா இல்லை

கிரீமா என்பது வறுக்கும்போது கொட்டைக்குள் அடைபட்ட கரியமில வாயு, காப்பி எண்ணெயோடு சேர்ந்து நுரைத்து வருவது. வாயு போய்விட்டால் நுரையும் போயிற்று. வறுத்த தேதியைப் பாருங்கள். ஆறு வாரம் தாண்டியிருந்தால் கிரைண்டர் என்ன செய்யும்?

எதிர்ப்பக்கமும் உண்டு. நேற்று வறுத்த கொட்டையை இன்றைக்கே போட்டால் கோப்பை முழுக்கக் கிரீமா பொங்கும், பெரிய பெரிய குமிழியாக. இரண்டு நிமிடத்தில் அமுங்கி அடியில் அரைக் கோப்பைதான் இருக்கும். சுவையும் கூர்மையாக, முரட்டுத்தனமாக இருக்கும். ஏழு நாள் பொறுங்கள். வெளிர் வறுவல் என்றால் பத்துப் பதினான்கு நாள்.

இதில் இங்கே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. என் கொட்டை தெற்கு ஷான் மாநிலத்தில் யுவாங்கான் பக்கம் டனு விவசாயிகள் விளைவிப்பது. சில மாதம் மேமியோவிலிருந்தும் வாங்குவேன், இப்போதைய பெயர் பியின் ஊ லுவின். அராபிகா அறுவடை டிசம்பரில் தொடங்கி மார்ச் வரை. காய்ந்து, தோல் நீங்கி யாங்கோன் வந்து சேரும் நேரத்தில் மழை தொடங்கிவிடும். பச்சைக் கொட்டையில் 10 முதல் 12 சதவீதம் ஈரம் இருப்பது முறை. சாதாரண சாக்கில் ஒரு மழைக்காலம் முழுக்க இந்த ஊர் கிடங்கில் கிடந்தால் அந்தக் கணக்கு போய்விடும். அக்டோபர், நவம்பரில் வரும் கொட்டையை நேற்றுதான் வறுத்திருப்பார்கள், தேதி சரியாக இருக்கும், ஆனாலும் கிரீமா மெலிந்து சாக்கும் பழைய காகிதமும் கலந்த வாசம் அடிக்கும். கடையில் நீங்கள் செய்யக்கூடியது எதுவும் இல்லை. வறுக்கிறவரிடம் வறுத்த தேதியோடு அறுவடை ஆண்டையும், பச்சைக் கொட்டையைக் காற்றுப் புகாத உள்பையில் வைத்திருந்தாரா என்பதையும் கேளுங்கள். முகம் சுளிப்பார். பரவாயில்லை, கேளுங்கள்.

பக்கவாட்டில் பீய்ச்சுது

அடி இல்லாத கைப்பிடியில் இது நன்றாகத் தெரியும்: மெல்லிய நூல் மாதிரி ஒரு தாரை உங்கள் சட்டையைப் பதம் பார்க்கும். தூளில் ஓரிடத்தில் சந்து கிடைத்து தண்ணீர் அதன் வழியே ஓடுகிறது. சந்து ஓடிய இடத்தில் கசப்பு, மற்ற இடத்தில் புளிப்பு, ஒரே கோப்பையில் இரண்டும். மழைநாளில் தூள் கட்டி கட்டியாக விழும்போது அதிகம் வரும். மெல்லிய ஊசியால் கட்டியை உடைத்துப் பரப்பி, டாம்பரை நேராக ஒரே தடவை அழுத்துங்கள். கைப்பிடியை மேஜையில் தட்டாதீர்கள், அந்தத் தட்டலில்தான் ஓரம் விரிசல் விடுகிறது.

ஸ்டீம் குழாயில் தண்ணீர் வருது

என்னை அலைக்கழித்த கோளாறு இது. பால் நுரைக்கத் திறந்தால் ஆவி வருவதற்குப் பதில் கொதிக்கும் தண்ணீர் கொட்டியது. பாய்லர் நிரம்பி வழிகிறது, ஆனால் பம்ப் நிற்கவில்லை. வந்து பார்த்தவர் மின்பலகை போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார். விலையைக் கேட்டு நான் உட்கார்ந்துவிட்டேன்.

பாய்லருக்குள் ஒரு கம்பி தொங்குகிறது. தண்ணீர் ஏறி அதன் முனையைத் தொட்டால், தண்ணீர் வழியாக ஒரு சிறு மின்சாரம் பாய்ந்து "போதும்" என்று பலகைக்குச் சொல்லும். ஆனால் மின்சாரம் பாய தண்ணீரில் உப்பு வேண்டும். அந்த வாரம்தான் நான் தண்ணீர்க்காரரை மாற்றியிருந்தேன். இன்னும் சுத்தமான தண்ணீர் என்று சொல்லிக் கொடுத்தார். தண்ணீரில் உப்பு அளவு பார்க்கும் கருவியை முக்கினால் 6 பிபிஎம் காட்டியது, அதாவது பத்து லட்சத்தில் ஆறு பங்கு. மெஷினைப் பொறுத்தவரை பாய்லரில் தண்ணீரே இல்லை, அதனால் நிரப்பிக்கொண்டே இருந்தது. பலகை நன்றாகத்தான் இருந்தது.

மருந்து மலிவு. ஒரு லிட்டருக்கு 0.1 கிராம் பொட்டாசியம் பைகார்பனேட், அதாவது 20 லிட்டர் கேனுக்கு 2 கிராம். முதலில் ஒரு கோப்பையில் கரைத்துப் பிறகு கேனில் ஊற்றிக் குலுக்குங்கள். கால்சியம் இல்லாததால் பாய்லரில் படியாது. கிடைக்காவிட்டால் சமையல் சோடா 1.7 கிராம் போதும். கம்பிக்கு மின்சாரம் கிடைக்கும், காப்பியின் எலுமிச்சைப் புளிப்பும் அடங்கும். ஒரு கரண்டியில் இரண்டு வியாதி தீரும் என்பது எங்கள் பாட்டி சமையல் சோடாவைப் பற்றிச் சொல்கிற வழக்கம், இதில் மட்டும் அவள் சொன்னது உண்மை.

அதே கம்பியின் மேல் சுண்ணாம்பு படிந்தாலும் இதே கோளாறு வரும். ஆழ்குழாய்த் தண்ணீர் விடுகிறவர்கள் கம்பியைக் கழற்றிச் சுரண்டச் சொல்லுங்கள். எதுவானாலும் முதலில் மெஷினை அணைத்து ஆறவிடுங்கள்.

கைப்பிடி ஓரம் ஒழுகுது

ரப்பர் கேஸ்கெட் காய்ந்துவிட்டது. மாற்றுங்கள். இன்னும் பலமாக இறுக்கிப் பார்க்காதீர்கள், கைப்பிடியைத் தலையில் பிடித்து நிறுத்தும் காது உடைந்துபோகும்.

பால் நுரைக்கலை

பால் திரிந்தால்தான் கெட்டது என்று நினைக்கிறோம். அதற்கு வெகு முன்பே நுரை செத்துவிடும். பால் சூட்டில் இருக்க இருக்க அதன் கொழுப்பு உடைந்து கொழுப்பு அமிலமாகிறது, அது நுரையைப் பிடித்து நிறுத்தும் புரதத்தின் வேலையைக் கெடுக்கும். குடித்துப் பார்த்தால் பால் நன்றாகவே இருக்கும், குவளையில் ஊற்றி ஆவி விட்டால் சோப்புக் குமிழி மாதிரி வந்து சுருங்கும். இரவு நாலு மணி நேரம் கரண்ட் போயிருந்தால் பிரிட்ஜில் இருந்த பாலைச் சாயாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நான் கரண்ட் வெட்டு நேரத்துக்கு ஐஸ்பெட்டி வைத்திருக்கிறேன், பால் அதற்குள். பெட்டிப்பால் வைத்துச் சமாளிக்கலாம், நுரை நன்றாகவே வரும், ஆனால் காய்ச்சின வாசம் காப்பியைத் தாண்டித் தெரியும். கண்டென்ஸ்டு மில்க் ஊற்றி நுரைக்கப் பார்த்த தம்பி ஒருவன் உண்டு. அவன் ஸ்டீம் குழாயைக் கழுவ எனக்கு ஒரு மத்தியானம் ஆனது.

"எல்லாம் சரி, காரம் இல்லையே"

வினாடி சரி, எடை சரி, புளிப்பும் இல்லை கசப்பும் இல்லை. யுவாங்கானில் பழத்தோடு வெயிலில் காய வைத்த கொட்டை, கோப்பையில் பழுத்த பழவாசம் எழுகிறது. ஐயா ஒரு வாய் குடித்துவிட்டு "வாசமா இருக்குப்பா, ஆனா காப்பி மாதிரி இல்ல" என்கிறார். இது மெஷின் கோளாறு இல்லை. பித்தளை ஃபில்டரில் முதல் டிகாக்ஷனைக் கெட்டியாக இறக்கிக் குடித்த நாக்கு அது. சாயாக்கடையில் ஜா ஸேய்ன் கேட்டு வாங்குகிற நாக்கும் இதையேதான் கேட்கும்: கடுப்பாக, பால் கெட்டியாக.

இதற்குத் தனிக் கொட்டை வையுங்கள். கறுப்பாக வறுத்த மேமியோ அராபிகாவோடு ஐந்தில் ஒரு பங்கு ரொபஸ்டா. 18 கிராம் தூளுக்கு 27 கிராமோடு நிறுத்துங்கள், கொட்டை கறுப்பு என்பதால் தண்ணீரை 90 டிகிரிக்கு இறக்குங்கள். சூடான பாலை நுரைக்காமல் ஊற்றுங்கள், டம்ளரில். ஐயாவுக்கு அப்படித்தான் கொடுக்கிறேன். அவர் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கும்போது மட்டும் நான் கிரைண்டர் பக்கம் திரும்பிக்கொள்வேன்.